ஏழு நாள் முகாமும் எழுபது வருட வேலையும்



சமூகத்தில் புதிய வழிகள் பிறப்பதற்குப் பல்கலைக்கழகங்கள் என்ன செய்திருக்கின்றன? இந்த முறை கட்டுரைக்கு எடுத்துக்கொண்ட விஷயம் இதுதான். பட்டமளிப்பு விழாப் பேச்சு மாதிரி இருக்குமோ என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் கதைதான் சொல்லப்போகிறேன். எல்லாமே நம்ம தமிழ்நாட்டில் நடந்த கதைகள்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். 'சமூகப் புத்தாக்கம்' என்று இப்போது நிறையப் பேசுகிறார்கள். நான் புரிந்துகொண்டது இதுதான்: ஓர் ஊரின் கஷ்டத்துக்கு அதுவரை இல்லாத ஒரு வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த வழி நிலைத்து நிற்க வேண்டும். பிறகு மற்ற ஊர்களும் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் அது புத்தாக்கம். முதல் பகுதி மட்டும் இருந்தால் அது பேப்பரில் வரும் ஒருநாள் செய்தி, அவ்வளவுதான்.

இந்த மூன்றில் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் எதில் ஜெயித்தன, எதில் தோற்றன என்று பார்ப்போம்.

பரீட்சை நடத்தப் பிறந்தவை

சென்னைப் பல்கலைக்கழகம் 1857 செப்டம்பர் 5-ல் சட்டப்படி தொடங்கியது. அதே வருடம்தான் கல்கத்தாவும் பம்பாயும். மூன்றுக்கும் மாதிரி லண்டன் பல்கலைக்கழகம். அந்தக் காலத்து லண்டன் பல்கலைக்கழகத்தின் முக்கிய வேலை பரீட்சை வைப்பது, பட்டம் கொடுப்பது. நம்முடையதும் அப்படியே. பாடம் நடத்துவது கல்லூரிகளின் வேலை, மார்க் போடுவது பல்கலைக்கழகத்தின் வேலை. பல்கலைக்கழகமே பாடம் நடத்தலாம், ஆராய்ச்சி செய்யலாம் என்று வழி திறந்தது 1904-ம் வருடச் சட்டம்தான்.

யோசித்துப் பாருங்கள். கிட்டத்தட்ட 50 வருடம், பல்கலைக்கழகம் என்றால் ஒரு பரீட்சை ஆபீஸ். அதற்கு மாணவனை நேராகத் தெரியாது, அவன் ஊரைச் சுத்தமாகத் தெரியாது. ஊத்துக்கோட்டையில் ஆரணி ஆறு எப்போது பொங்கும், எந்தக் கிராமத்தில் பள்ளிக்கூடம் இல்லை என்பதெல்லாம் அதன் கணக்கிலேயே வராது. அந்தப் பழக்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை என்று செமஸ்டர் ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கும் எவரும் ஒப்புக்கொள்வார்கள் :-)

அதே காலத்தில் வெளிநாடுகளில் வேறு இரண்டு விஷயங்கள் நடந்துகொண்டிருந்தன. அமெரிக்காவில் 1862-ல் மாரில் சட்டம் வந்தது. விவசாயமும் தொழிலும் சொல்லிக்கொடுக்கும் கல்லூரிகளுக்காக மாநிலங்களுக்கு நிலம் ஒதுக்கினார்கள். 1914-ல் இன்னொரு சட்டம் வந்து, அந்தக் கல்லூரிகளின் ஆட்கள் விவசாயியின் வயலுக்கே போய்ச் சொல்லித்தர ஏற்பாடு ஆனது. நம்ம ஊரில் 'விரிவாக்கப் பணி' என்று சொல்கிறோமே, அதன் வேர்களில் ஒன்று இது.

இங்கிலாந்தில் நடந்தது இன்னும் சுவாரசியம். 1884-ல் லண்டனின் ஏழை மக்கள் வாழும் வொயிட்சேப்பல் பகுதியில் டாயின்பி ஹால் என்ற இடத்தை சாமுவேல் பார்னெட்டும் அவர் மனைவி ஹென்ரியெட்டாவும் தொடங்கினார்கள். படித்து முடித்த ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் இளைஞர்கள் அங்கேயே வந்து தங்க வேண்டும். பகலில் தங்கள் வேலை, மற்ற நேரத்தில் அக்கம்பக்கத்து மக்களுக்கு வகுப்பு, சட்ட உதவி. அப்படித் தங்கியவர்களில் ஒருவர் வில்லியம் பெவரிட்ஜ். 1942-ல் பிரிட்டனின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கு அறிக்கை எழுதியவர் அவர்தான். இன்னொருவர் கிளமெண்ட் அட்லி, அங்கே சிறிது காலம் செயலாளராக இருந்தவர். 1945-ல் அவர் பிரதமரானார், 1948-ல் அவர் ஆட்சியில்தான் எல்லோருக்கும் இலவச வைத்தியம் தரும் தேசிய சுகாதாரச் சேவை வந்தது.

இதில் நான் கவனித்த ஒரு வார்த்தை 'தங்குவது'. போய்ப் பார்த்துவிட்டு வருவதற்கும் போய்த் தங்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இந்தக் கட்டுரை முழுக்க வரப்போகிறது.

சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில்

நம்ம கதைக்கு வருவோம். டி.எஸ். சௌந்தரம் அம்மா டி.வி.எஸ். குடும்பத்துப் பெண். டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகள். சிறு வயதில் கல்யாணம், சிறு வயதிலேயே கணவரை இழந்தார். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்ணின் வாழ்க்கை அத்தோடு முடிந்தது என்றுதான் ஊர் சொல்லும். இவர் டில்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரிக்குப் போய் மருத்துவம் படித்து 1936-ல் டாக்டரானார். 1940-ல் காந்தியின் ஆசியோடு ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். ராமச்சந்திரன் கேரளத்துக்காரர், சாந்திநிகேதனில் படித்தவர்.

1947 அக்டோபரில், சுதந்திரம் வந்து இரண்டு மாதம்கூட ஆகாத நேரத்தில், இருவரும் சேர்ந்து திண்டுக்கல் - மதுரை வழியில், சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில், சிறுமலை அடிவாரத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். முதலில் அது பல்கலைக்கழகம் இல்லை. வைத்தியம், பெண்களுக்கான பயிற்சி, கதர், ஆதாரக்கல்விப் பள்ளிக்கூடம் என்று கிராமத்துக்குத் தேவையானவை ஒவ்வொன்றாக வந்தன. படிப்பு பின்னால்தான் வந்தது. இந்த வரிசையைக் கவனியுங்கள். வழக்கமாக முதலில் கட்டடம், அப்புறம் பட்டம், கடைசியில் நேரம் இருந்தால் ஊர்.

அப்போது டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் பல்கலைக்கழகக் கல்வி பற்றி ஒரு கமிஷன் போட்டார்கள். 1949-ல் வந்த அதன் அறிக்கை, கிராமப்புறத்துக்கென்றே தனிப் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்றது. அந்தக் கமிஷனில் ஆர்தர் மார்கன் என்ற அமெரிக்கரும் இருந்தார். டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தின் முதல் தலைவராக இருந்தவர். யோசனை பெரிது, ஆனால் அரசு அதைச் சின்னதாக்கிக்கொண்டது. பல்கலைக்கழகத்துக்குப் பதில் 1956-ல் நாடு முழுக்கச் சில 'கிராமியக் கல்வி நிறுவனங்கள்' தொடங்கப்பட்டன. தமிழ்நாட்டில் காந்திகிராமம் ஒன்று, கோவை பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் இன்னொன்று.

நாட்டின் மற்ற கிராமிய நிறுவனங்களில் பல, காலப்போக்கில் வழக்கமான கல்லூரிகளின் பாதைக்கே வந்துவிட்டன. அவை கொடுத்த டிப்ளமோவை எல்லாப் பல்கலைக்கழகங்களும் பட்டத்துக்குச் சமமாக ஏற்றுக்கொள்ளவில்லை. பிள்ளைகளுக்கு வேலை வேண்டும், பெற்றோருக்குப் பட்டம் வேண்டும். யாரையும் குறை சொல்ல முடியாது. காந்திகிராமம் தன் பெயரில் 'கிராமிய' என்ற சொல்லோடு நின்றது. 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகவும் ஆனது. பாடம், ஆராய்ச்சி, விரிவாக்கம் மூன்றும் சமம் என்பதுதான் அதன் கொள்கை.

ஏன் நின்றது? ஒரு காரணம், அது ஒரு குறிப்பிட்ட நிலப்பகுதியைப் பிடித்துக்கொண்டது. ஆத்தூர் ஒன்றியம். (சேலத்து ஆத்தூர் இல்லை, திண்டுக்கல் ஆத்தூர்.) 1959-ல் அந்த ஒன்றியத்தில் ஒரு முன்னோடி சுகாதாரத் திட்டம் தொடங்கியது. கிராம செவிலியர் ஒருவர் எத்தனை பேரைப் பார்த்துக்கொள்ள முடியும், தாய்-சேய் நலமும் குடும்பக் கட்டுப்பாடும் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர என்ன செய்ய வேண்டும் என்பது மாதிரியான கேள்விகளை அங்கேயே, அந்த மக்களோடேயே சோதித்துப் பார்த்தார்கள். 1964-ல் அதிலிருந்து கிராமிய சுகாதாரத்துக்கும் குடும்ப நலத்துக்குமான தனி நிறுவனமே உருவானது. வெளியூர் சுகாதாரப் பணியாளர்கள் பயிற்சிக்காக அங்கே வந்தார்கள். முதலில் நான் சொன்ன மூன்றாவது பகுதி இதுதான். ஒரு ஒன்றியத்தில் கற்றது மற்ற ஊர்களுக்குப் போனது.

வேலூர்: கட்டிலிலிருந்து ஒன்றியத்துக்கு

இரண்டாவது கதை வேலூர் சி.எம்.சி. ஐடா ஸ்கட்டர் பற்றிப் பள்ளியிலேயே கொஞ்சம் கேள்விப்பட்டிருப்போம். ஆண் டாக்டரைப் பிரசவத்துக்கு உள்ளே விட மறுத்ததால் ஒரே இரவில் மூன்று பெண்கள் இறந்ததைப் பார்த்து, அமெரிக்காவுக்குப் போய் மருத்துவம் படித்துத் திரும்பி வந்தவர். 1900-ல் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்தார். 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். இன்று அது எவ்வளவு பெரிய மருத்துவக் கல்லூரி என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் எனக்குப் பிடித்தது அந்தக் கட்டில் கதை இல்லை. ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களைத் தேடி அவர் வண்டியில் போனார். சாலையோரத்தில் குறிப்பிட்ட இடங்களில், குறிப்பிட்ட நாளில் வண்டி நிற்கும். புளியமரத்தடியில் மருந்து கொடுப்பார்கள். வாரம் தவறாமல் போனதால் ஜனங்கள் நாள் பார்த்துக் காத்திருந்தார்கள். நம்பிக்கை என்பது வண்டி சரியான நாளில் வருவதுதான். எங்க ஊர்ப் பக்கம் மினி பஸ் வராத கிராமத்துக்காரர்களுக்கு இது உடனே புரியும்.

அந்த வண்டிப் பழக்கம்தான் பின்னால் பெரிதாக வளர்ந்தது. சி.எம்.சி. இரண்டு ஒன்றியங்களைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டது. ஒன்று கணியம்பாடி. இன்னொன்று கே.வி.குப்பம். கே.வி.குப்பத்தில் 1977-ல் தொடங்கிய பிரிவுக்கு 'ருஹ்சா' என்று பெயர். பெயரிலேயே சுகாதாரத்தோடு சமூக விவகாரங்களும் உண்டு. இளைஞர்களுக்குத் தொழில் பயிற்சி, பெண்கள் குழுக்கள், விவசாய உதவி எல்லாம் அதற்குள் வந்தன. ஒரு மருத்துவக் கல்லூரி ஏன் தொழில் பயிற்சி கொடுக்க வேண்டும்? சோறு இல்லாத வீட்டில் சத்து மாத்திரை மட்டும் கொடுத்து என்ன பிரயோஜனம் என்பதுதான் பதில்.

மருத்துவ மாணவர்களும் நர்சிங் மாணவிகளும் படிப்பின் ஒரு பகுதியாகவே கிராமத்துக்குப் போகிறார்கள். ஒவ்வொரு வருடமும் புது மாணவர்கள், ஆனால் அதே ஒன்றியம். கணியம்பாடி கிராமங்களில் பிறப்பு, இறப்பு, கர்ப்பம், நோய் எல்லாம் வருடக்கணக்காகப் பதிவாகி வருகின்றன. நாங்கள் காமர்ஸ்காரர்கள், எங்களுக்கு லெட்ஜர் என்றால் உயிர். இது ஒரு ஒன்றியத்தின் உயிர்க் கணக்கு லெட்ஜர்.

அப்படி வருடக்கணக்கில் பழகிய மக்களும், பதிவு எழுதிப் பழகிய ஆட்களும் ஓர் ஊரில் இருந்தால் என்ன லாபம் என்பதற்கு வேலூரே உதாரணம். குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு முக்கியக் காரணமான ரோட்டா வைரஸுக்கு இந்தியாவிலேயே ஒரு தடுப்பூசி தயாரானது. அதன் பெரிய சோதனை நடந்த மூன்று இடங்கள் டில்லி, புனே, வேலூர். 2016-ல் அந்தச் சொட்டு மருந்து அரசின் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. குழந்தையை நம்பிக் கொடுக்கும் தாய், வாரா வாரம் வீட்டுக்கு வந்து விசாரிக்கும் பணியாளர், எழுதி வைக்கும் நோட்டு, இவை இல்லாத ஊரில் இந்த மாதிரிச் சோதனையைத் தொடங்கவே முடியாது.

மதுரை: காம்பவுண்டைத் தாண்டி

மூன்றாவது கதை கொஞ்சம் வித்தியாசம். டாக்டர் ஜி. வெங்கடசாமி. எல்லோரும் 'டாக்டர் வி' என்பார்கள். எட்டயபுரம் பக்கம் அயன் வடமலாபுரத்தில் 1918-ல் பிறந்தவர். மூட்டுவாத நோயால் கை விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களோடு கண் அறுவை சிகிச்சை கற்றுக்கொண்டார். 1956-ல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவரானார். அரசுப் பணியில் இருந்துகொண்டே 1960களில் கிராமம் கிராமமாகக் கண் சிகிச்சை முகாம்கள் நடத்தினார். கண்புரையால் பார்வை போனவர் ஆஸ்பத்திரியைத் தேடி வர மாட்டார், ஏனென்றால் கூட்டிவர ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளின் அன்றைய கூலி போகும். அதனால் டாக்டர்தான் போக வேண்டும். அந்தப் பாடத்தை அவர் கற்றது கல்லூரி வேலையில் இருந்தபோதுதான்.

1976-ல் 58 வயதில் ஓய்வு. விதிப்படி அரசுக் கல்லூரியில் அவர் கதை முடிந்தது. அந்த வருடமே வீட்டை அடமானம் வைத்து 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதன் பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும். ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் அது பாடமாக இருக்கிறது.

அந்தப் பாடத்தில் என்ன இருக்கிறது? எங்கள் காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பு பாஷையில் சொல்கிறேன். ஆபரேஷன் தியேட்டர், கருவிகள், டாக்டர் சம்பளம் எல்லாம் நிலைச்செலவு. பத்துப் பேருக்குச் செய்தாலும் நூறு பேருக்குச் செய்தாலும் பெரிதாக மாறாது. எண்ணிக்கை ஏற ஏற ஒரு ஆளுக்கான செலவு இறங்கும். டாக்டர் ஒரு மேஜையில் அறுவை சிகிச்சை செய்யும்போதே பக்கத்து மேஜையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். காசு கொடுக்க முடிந்தவர் கொடுப்பார், அந்த வருமானத்தில் முடியாதவருக்கு இலவசமாக நடக்கும். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் இறக்குமதியில் மிக விலை அதிகமாக இருந்தது. 1992-ல் ஆரோலேப் தொடங்கி மதுரையிலேயே பல மடங்கு குறைந்த விலைக்குச் செய்தார்கள். இன்னொன்று, பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களை எடுத்து இரண்டு வருடம் பயிற்சி கொடுத்தார்கள். மருத்துவமனையின் வேலைகளில் பெரும்பகுதி அவர்கள் கையில்தான்.

இதில் அரசுக் கல்லூரியின் பங்கு என்ன? இருபது வருட அனுபவம், துறை, மாணவர்கள், முகாம் நடத்த வாய்ப்பு எல்லாவற்றையும் கொடுத்தது. ஆனால் பிறந்த யோசனையை வளர்த்து எடுத்துப்போகும் ஏற்பாடு அந்தக் கல்லூரிக்குள் இல்லை. வெளியே போய் வளர்ந்த அரவிந்த், இன்று தானே முதுகலை கண் மருத்துவம் கற்றுத்தருகிறது, வெளிநாட்டு மருத்துவமனைகளுக்கும் வழி சொல்லித்தருகிறது. கல்லூரியில் பிறந்தது வெளியே போய் இன்னொரு கல்லூரியாகிவிட்டது!

மேலூர்: நல்ல யோசனை ஏன் நின்றது?

ஜெயித்த கதைகளை மட்டும் சொன்னால் கட்டுரை சரியாக இருக்காது. மதுரைக்குப் பக்கத்திலேயே மேலூர் தாலுகா. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் நண்பர்களும் கம்பி இல்லாமல் கிராமங்களுக்குக் குறைந்த செலவில் போனும் இன்டர்நெட்டும் கொடுக்க கார்-டெக்ட் என்ற தொழில்நுட்பத்தை உருவாக்கினார்கள். அதை எடுத்துப்போக என்-லாக் என்று ஒரு கம்பெனியும் வந்தது. 2001-ல் ஐ.ஐ.டி., ஹார்வர்டு, எம்.ஐ.டி. எல்லாம் சேர்ந்து மேலூர் பக்கக் கிராமங்களில் இன்டர்நெட் மையங்களைத் திறந்தன. உள்ளூர் ஆள் ஒருவர் கடன் வாங்கி மையத்தை நடத்துவார்.

என்னென்ன நடந்தது தெரியுமா? கண்ணைப் படம் எடுத்து அரவிந்துக்கு அனுப்பினார்கள். நோய் வந்த பயிரைப் படம் எடுத்து வேளாண் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் போகாமலேயே ஊரிலிருந்து விண்ணப்பித்தார்கள். 2001-ல்! அப்போது நம்மில் பலர் பிறந்திருக்கவே மாட்டோம்.

ஆனால் சில வருடங்களில் நிறைய மையங்கள் மூடிவிட்டன. ஆராய்ச்சியாளர்கள் பின்னால் போய்ப் பார்த்து எழுதியதில் இரண்டு காரணங்கள் முக்கியம். ஒன்று, ஆர்வமாக இருந்த அதிகாரிகள் மாற்றலாகிப் போனதும் சான்றிதழ் வேலை படுத்துவிட்டது. இரண்டு, மையம் நடத்தியவருக்கு வருமானம் கட்டவில்லை. பி.காம். முதல் வருடப் பாஷையில், பிரேக் ஈவன் வரவில்லை. தொழில்நுட்பம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பேராசிரியருக்குச் சம்பளம் உண்டு, ஆராய்ச்சியாளருக்கு நிதி உண்டு, அதிகாரிக்கு அடுத்த போஸ்டிங் உண்டு. கடனோடு அந்த ஊரிலேயே இருக்க வேண்டிய ஒரே ஆள் மையம் நடத்தியவர்தான்.

இருந்தாலும் யோசனை சாகவில்லை. இன்று நாம் வருமானச் சான்றிதழுக்குப் போவது இ-சேவை மையத்துக்குத்தானே? மேலூரில் முளைத்த அதே மாதிரி எண்ணம் இப்போது அரசின் ஏற்பாட்டில் நடக்கிறது.

ஏழு நாள்

இப்போது நம்ம கதை. நாட்டு நலப்பணித் திட்டம், அதாவது என்.எஸ்.எஸ்., 1969 செப்டம்பர் 24-ல் தொடங்கியது. காந்தி நூற்றாண்டு வருடம். 37 பல்கலைக்கழகங்கள், 40,000 மாணவர்கள். 1962 முதல் 1967 வரை மத்தியக் கல்வித் துணை அமைச்சராக இருந்தவர் நம்ம சௌந்தரம் அம்மா. மாணவர்களின் சமூக சேவை பற்றிய திட்டங்கள் டில்லியில் தீவிரமாகப் பேசப்பட்ட காலம் அது. ஆக காந்திகிராமத்தின் வாசனை இதிலும் உண்டு.

விதிப்படி வருடத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருடத்துக்கு 240 மணி நேரம், நடுவில் ஏழு நாள் சிறப்பு முகாம். ஒரு கிராமத்தைத் தத்தெடுத்துத் தொடர்ந்து வேலை செய்யலாம் என்றுதான் திட்டம் சொல்கிறது. நடப்பது என்ன என்று என்.எஸ்.எஸ்.ஸில் இருந்தவர்களைக் கேளுங்கள். நான் போன முகாமில் கோயில் வளாகத்தைச் சுத்தம் செய்தோம், ரோட்டோர மரங்களுக்குச் சுண்ணாம்பும் காவியும் அடித்தோம், பிளாஸ்டிக் ஒழிப்புப் பேரணி போனோம், கடைசி நாள் போட்டோ எடுத்தோம். ஊர் ஜனங்கள் பாசமாக இருந்தார்கள். மோர் கொடுத்தார்கள். ஒரு பாட்டி, "அடுத்த வருஷம் நீங்களே வருவீங்களா தம்பி?" என்று கேட்டார். அடுத்த வருடம் முகாம் வேறு ஊருக்கு மாறிவிட்டது.

மாணவர்களுக்கு அதில் நிறைய லாபம் என்பதை நான் மறுக்கவில்லை. ஊருக்கு என்ன லாபம் என்பதுதான் கேள்வி. கே.வி.குப்பத்திலும் மாணவர்கள் ஒவ்வொரு வருடமும் மாறினார்கள். ஒன்றியம் மாறவில்லை, நோட்டு மாறவில்லை. நம்ம முகாமில் மாணவனும் மாறுகிறான், ஊரும் மாறுகிறது, ஒரு நோட்டும் கிடையாது. ஏழாவது நாள் இரவோடு எல்லாம் முடிந்துபோகிறது.

2014-ல் வந்த 'உன்னத் பாரத் அபியான்' திட்டத்தில் ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனமும் குறைந்தது ஐந்து கிராமங்களை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இருக்கிறது. நல்ல திசை. ஆனால் ஐந்து கிராமம் என்பது பலகையில் எழுதும் ஐந்து பெயரா, அல்லது பத்து வருடத்துக்கான ஐந்து நோட்டா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எங்க ஊர்ப் பக்கம் என்ன செய்யலாம்?

"அது சி.எம்.சி., இது சாதாரண ஆர்ட்ஸ் காலேஜ், அவங்களுக்குப் பணம் இருக்கு" என்று சொல்வீர்கள். நியாயமான கேள்வி. காந்திகிராமத்துக்குக் காந்தியின் பெயர் இருந்தது, சி.எம்.சி.க்கு வெளிநாட்டு உதவி இருந்தது. நம்மிடம் என்ன இருக்கிறது?

எங்கள் பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊத்துக்கோட்டை ஆந்திர எல்லையில் இருக்கிற பேரூராட்சி. கண்டலேறிலிருந்து வரும் கிருஷ்ணா கால்வாய் தமிழ்நாட்டுக்குள் நுழைகிற ஜீரோ பாயிண்ட் பக்கத்தில்தான். சென்னைக்குக் குடிதண்ணீர் எங்கள் கண் முன்னால் போகிறது. பிச்சாட்டூர் அணையைத் திறந்தால் ஆரணி ஆறு பொங்குகிறது. கிழக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வரிசையாகத் தொழிற்சாலைகள். சுற்றிலும் செங்கல் சூளைகள், அங்கே வெளிமாநிலத்திலிருந்து குடும்பத்தோடு வரும் தொழிலாளிகள். வீட்டில் தெலுங்கு பேசி, பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைகள். ஆராய்ச்சிக்கு விஷயம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

பணம் வேண்டாத ஒரு வேலையைச் சொல்கிறேன். காமர்ஸ் மாணவர்களுக்குக் கணக்குத் தெரியும். வருடத்தில் ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே ஊராட்சியின் வரவு செலவு வாசிக்கப்பட வேண்டும். வாசித்தாலும் எத்தனை பேருக்குப் புரியும்? எல்லாபுரம், பூண்டி ஒன்றியங்களில் பத்து ஊராட்சிகளை எடுத்துக்கொண்டு, அந்தக் கணக்கை ஒரு பக்கத்தில், பெரிய எழுத்தில், ஊர்ப் பாஷையில் எழுதி ஒட்டினால் போதும். தெருவிளக்குக்கு எவ்வளவு, குடிநீருக்கு எவ்வளவு, போன வருடம் எவ்வளவு, அவ்வளவுதான். இந்த வருடம் நாங்கள் எழுதுவோம், அடுத்த வருடம் ஜூனியர்கள் அதே ஊருக்கு, அதே நோட்டோடு போவார்கள். பத்து வருடம் கழித்து அந்த ஊரில் தன் பணம் எங்கே போனது என்று கேட்கத் தெரிந்த ஒரு தலைமுறை இருக்கும். அது மேலூர் மாதிரி ஆகாமல் இருக்க, ஊரிலேயே இருக்கும் மகளிர் குழுக்காரர்களுக்கு முதல் வருடமே சொல்லிக்கொடுத்துவிட வேண்டும். நாங்கள் போன பிறகு எழுதப்போவது அவர்கள்தான்.

பணம் வேண்டிய வேலைகளுக்கும் வழி உண்டு. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவின்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ வியாபாரமோ உள்ள கம்பெனிகள், முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவு செய்ய வேண்டும். நாங்கள் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த பிரிவு! சிப்காட் எங்களுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது. ஆனால் கேட்பதற்கு முன்னால் நம் கையில் ஒரு நோட்டு இருக்க வேண்டும். இந்த ஒன்றியத்தில், இந்தப் பத்து ஊரில், இத்தனை வருடமாக இதைச் செய்துவருகிறோம் என்று காட்டினால்தான் யாரும் காது கொடுப்பார்கள்.

முடிவாக

இந்தக் கதைகளைப் படித்துவிட்டு எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். பல்கலைக்கழகத்தின் பெரிய பலம் கட்டடமோ அறிவாளிகளோ மட்டும் இல்லை, வருடா வருடம் புது இளைஞர்கள் வந்துகொண்டே இருப்பது. ஒரு தனிமனிதர் ஓய்வு பெறுவார், ஒரு கம்பெனி மூடும், ஒரு அதிகாரி மாற்றலாவார். கல்லூரிக்கு மட்டும் ஜூன் மாதம் தவறாமல் புது ஆள் கிடைக்கும். அந்தப் பலத்தை ஒரே இடத்தில், பல வருடம் செலவழித்த காந்திகிராமமும் வேலூரும் புது வழியை நிலைக்க வைத்தன. வருடத்துக்கொரு ஊர் என்று சிதறவிட்டால் நமக்கு சர்டிபிகேட் கிடைக்கும், ஊருக்குச் சுண்ணாம்பு அடித்த மரம் கிடைக்கும். அடுத்த மழையில் அதுவும் போகும்.

என் வகுப்பு நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வருட முகாமுக்கு எந்த ஊர் என்று பேச்சு வரும்போது, போன வருடம் போன ஊரின் பெயரையே சொல்லுங்கள். காரணம் கேட்டால் காந்திகிராமம் கதையைச் சொல்லுங்கள். அது நீளமாக இருந்தால், அந்தப் பாட்டி கேட்ட கேள்வியை மட்டும் சொன்னால் போதும்.